இடக்கைத் துடிப்பு

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் என் இடது கையைப் பிரித்துப் போட்டு நாலு பேர் வேலை பார்க்கிறார்கள், இந்தப் பக்கம் நான் கண்ணை உருட்டி உருட்டி முழித்துக்கொண்டு படுத்திருக்கிறேன், என்ன கூத்து இது, அறுபத்தோரு வயசில் எனக்கு இப்படி ஒரு வேடிக்கை வாய்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் போய்யா அந்தப் பக்கம் என்றிருப்பேன். பயம் இல்லாமல் இல்லை. அது அடிவயிற்றில் ஓரமாகக் குந்தியிருக்கிறது. ஆனால் அதுக்கு மேலே இன்னொன்று ஏறி உட்கார்ந்துகொண்டு கை தட்டுகிறது, பாரு பாரு கேளு கேளு என்கிறது. பத்து நாளாகக் காலையில் எட்டு வெள்ளை மாத்திரை, அதைத் தின்றதிலிருந்தே இப்படித்தான், தூக்கமும் இல்லை சோர்வும் இல்லை, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போகிறவள் மாதிரி ஒரு பரபரப்பு. "அது மாத்திரையோட குணம்மா, உங்க குணம் இல்ல" என்றாள் ஜெசிந்தா டாக்டர். என் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது அந்தப் பிள்ளைதான், மரத்துப்போக ஊசி போட்டதும் அவள்தான். முழு மயக்கம் கொடுக்க மாட்டாளாம். முப்பது வருசமாக டியூப் ஒட்டுகிற வல்கனைசிங் புகையைக் குடித்த நெஞ்சு, தூங்க வைத்தால் எழுப்புவது கஷ்டம் என்றுவிட்டாள். காறை எலும்புக்கு மேலே ஒரு ஊசி, கை செத்தது. முதுகில் ஒரு ஊசி, கால் ரெண்டும் செத்தது. மிச்சம் இருப்பது தலையும் வலது கையும் இந்தக் காதும். காது போதும் எனக்கு. என் பிழைப்பே காதுதான். கொட்டாம்பட்டி விலக்கில் நாலுவழிச் சாலை ஓரம் பேச்சியம்மாள் பஞ்சர் கடை என்றால் லாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், வண்டி நிற்பதற்கு முன்னாலேயே எந்தச் சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்று சொல்லிவிடுவேன், டயருக்குப் பக்கத்தில் காதை வைத்தால் ஊசிமுனை ஓட்டைகூட உஸ்ஸென்று என்னிடம் பேசும். இப்போது என் கையே டயராகக் கிடக்கிறது. கைக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பொடைத்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஊதிவிட்டது, அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, என் தொடையிலிருந்து பச்சை நரம்பு ஒரு சாண் எடுத்து நடுவில் வைத்துத் தைக்கிறார்கள். தைத்த பிறகு ரத்தம் ஓடினால் கை உண்டு. ஓடாவிட்டால் முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டிவரும். அப்படித்தான் அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது, நர்ஸ் படித்துக் காட்டினாள், நான் 'பேச்சி' என்று எழுதிக் கொடுத்தேன், எனக்கு எழுதத் தெரிந்த மூணெழுத்து அதுதான், என் வீட்டுக்காரர் மொக்கையன் பக்கத்தில் நின்று அந்த மூணெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சரி, அதை விடு. விடு என்றால் விடுகிறதா. துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ இழுக்கிறார்கள், தோள் மட்டும் லேசாக ஆடுகிறது, வலி இல்லை, மூட்டையை இழுக்கிற மாதிரி, வேறு யாருக்கோ நடக்கிறது போல இருக்கிறது. "அம்மா, ஏதாச்சும் தெரியுதா?" என்கிறாள் ஜெசிந்தா. "ஒண்ணும் தெரியல கண்ணு, கேக்குது மட்டும்." "என்ன கேக்குது?" "கத்திரிச் சத்தம். அப்புறம் பெரிய டாக்டரு மூக்கால ஏதோ பாட்டு." அந்தப் பக்கம் பாட்டு டக்கென்று நின்றது, யாரோ ஒரு சின்ன டாக்டர் களுக்கென்று சிரித்தான். சிரிக்கட்டும், சிரிக்கிற கை நடுங்காது. என் கையில் முதலில் அது வந்தபோது நானும் சிரித்தேனே. போன தைக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், குளித்துவிட்டு ரவிக்கை மாட்டும்போது கைக்குள்ளே, உள்பக்கமாக, நெல்லிக்காய் மாதிரி ஒன்று. அழுத்தினால் வலிக்கவில்லை. விரலை வைத்தால் டுப் டுப்பென்று எகிறுகிறது. இடது கை. பொம்பளைக்கு இடப்பக்கம் துடித்தால் நல்லது என்று தெரியாத பொம்பளை உண்டா. கண் துடித்தாலே நல்ல சேதி, தோள் துடித்தால் கேட்கவே வேண்டாம், எனக்கோ கையே துடிக்கிறது, அதுவும் ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, ராத்திரி பகல் ஓயாமல். அதுவே வலது கையாக இருந்திருந்தால் அன்றைக்கே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன், இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பாகத்தான் வருகிறது, சிரிப்புக்குள்ளேயே கொஞ்சம் குமட்டலாகவும் வருகிறது. எதிர்த்த டீக்கடைச் சிட்டம்மாதான் முதலில் தொட்டுப் பார்த்தாள். "அடியாத்தி, என்னடி இது, உள்ளாற கோழிக்குஞ்சு கெடக்கா?" "நல்லது வரப் போகுதுடி எனக்கு." "வந்தா எனக்கும் பாதி குடு." அந்த மாசமே ரோட்டுக்கு அகலம் எடுக்க வந்தவன் என் கடைச் சுவரில் இடிக்கப் போட்டிருந்த சிவப்புக் கோட்டை அழித்துவிட்டு எதிர்ப்பக்கம் காலியிடத்தில் போட்டுவிட்டுப் போனான். அடுத்த மாசம் மொக்கையன் பீடியை விட்டார், நாற்பது வருசப் பீடி, தானாக விட்டார், நான் கேட்கக்கூட இல்லை. பிறகு என் கைக்கு வந்த மரியாதை இருக்கிறதே! சிட்டம்மா மகள் நர்ஸ் படிப்புக்கு இடம் கேட்கப் போகும்போது என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள், கிடைத்தது, அப்புறம் பொம்பளைகள் சும்மா போகிற வழியில் வந்து தொட ஆரம்பித்தார்கள், நானும் முந்தானையை விலக்கி விலக்கிக் காட்டினேன், ராணி மாதிரி. நெல்லிக்காய் எலுமிச்சங்காயாச்சு. துடிப்பு பெரிசானால் நல்லதும் பெரிசாக வரும் என்று கணக்குப் போட்டேன். ஏழு மாசம். ஏழு மாசம் ஒரு பொடைப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தேன், நான், பேச்சியம்மாள், டயரில் பொடைப்பைப் பார்த்தால் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வண்டியை நகரவிடாமல் சண்டை போடுகிறவள்.

பக்கிரிசாமி மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால். நாமக்கல் முட்டை வண்டி ஓட்டுகிறவர், கறாரான மனுசன். பின்சக்கரத்தைக் கழற்றி இரும்பு லிவரைக் கொடுத்து டயரை நெம்பிக்கொண்டிருக்கிறேன், லிவர் நழுவி விழுகிறது. எடுக்கிறேன், மறுபடி விழுகிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் பச்சைத் தண்ணியில் ஊறின மாதிரி ஜில்லென்று, வெள்ளை வெளேரென்று. "என்னக்கா கையில?" "நல்ல துடிப்புய்யா, தொட்டுப் பாரும்." அவர் தொடவில்லை. குனிந்து, டயரைப் பார்க்கிற மாதிரி ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஏக்கா, இப்படி ஒரு டயரோட நான் வந்தா நீ என்னய மேற்கொண்டு போக விடுவியா?" அவ்வளவுதான் சொன்னார். என் பாஷையிலேயே என்னைப் பிடித்துவிட்டார். அந்த வண்டியிலேயே முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு மதுரையில் பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார். அப்புறம் ஸ்கேன், பேனா மாதிரி ஒரு குச்சியைக் கையில் வைத்தார்கள், டப்பாவிலிருந்து சத்தம் வந்தது, ஐயோ அந்தச் சத்தம்! என் கைக்குள் ஓடுகிற ரத்தம் வெளியே கேட்கிறது, தோள்பக்கமிருந்து புஷ் புஷ்ஷென்று ஜோராக வந்து, அந்த எலுமிச்சங்காய்க்குள் நுழைந்ததும் குழம்பிக் கொப்பளித்து, தாண்டியதும் தேய்ந்து போகிறது. இன்னொரு தரம் வைங்க இன்னொரு தரம் வைங்க என்று கெஞ்சினேன், அந்தப் பையன் பாவம் மூணு தரம் வைத்தான். பெரிய டாக்டர் வந்து என் நாக்கைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். வாயில் அடிக்கடி புண் வருமா. வரும், முப்பது வருசமாக வருது, உடம்புச் சூடு, மணத்தக்காளிக் கீரை தின்பேன். கண் சிவக்குமா. மெட்ராஸ் ஐ அஞ்சாறு தரம் வந்திருக்கு. கீழே புண் வந்ததா என்றார், அதையும் தலையைக் குனிந்து ஆமாம் என்றேன். நான் மூணையும் மூணு தனித்தனிச் சனியனாக நினைத்திருந்தேன், அவர் மூணையும் கையோடு சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற சின்னவர்களைப் பார்த்து, "பெச்செட்" என்றார். நான் "அய்யா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மறுபடி அவர்களிடம் "பெச்செட்தான்" என்றார். "சொல்லுங்கய்யா, நான்தான்" என்றேன். ஜெசிந்தா அன்றைக்கு அங்கேதான் நின்றாள், வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, உங்களக் கூப்பிடல, அது வியாதியோட பேரு." வியாதியோட பேரா! பேச்சிக்குப் பேச்சியா! லட்சத்தில் ஒருத்தருக்கு வருவதே அபூர்வமாம், உடம்பு தன் ரத்தக்குழாயைத் தானே பகையாளியாக நினைத்து அரித்துவிடுமாம், அப்படி அரித்த இடம்தான் பொடைக்குமாம். எங்கள் பேச்சியம்மன் கோயிலில் வேண்டித்தான் எனக்கு இந்தப் பேரு வைத்தது, இப்போது எங்கேயோ சீமையில் கண்டுபிடித்த நோய் என் பேரைச் சொல்லிக்கொண்டு என் கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. மொக்கையனிடம் சொன்னேன், மனுசன் சிரிக்கவில்லை. "வெட்டிட்டா நல்லதும் போயிருமோன்னு இருக்குங்க" என்றேன். "வந்த நல்லது போதும் புள்ள, கை இருக்கட்டும்" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. இப்போது வெளியே பெஞ்சில் இருப்பார். வராந்தாவில் பீடி வாசனை வந்தால் என்ன செய்வாரோ.

"கிளாம்ப் போடுறோம். டைம்?" என்கிறது பெரிய டாக்டர் குரல். "பத்து இருபது" என்கிறாள் நர்ஸ். கிளாம்ப் எனக்குத் தெரியும், டியூபில் ஒட்டு வைத்து நெருக்கிப் பிடிப்போமே, அதுதான், பொடிசாக இருக்கும் போல, க்ளிக் க்ளிக்கென்று ரெண்டு சத்தம். ரெண்டு பக்கமும் பூட்டிவிட்டார்கள். இப்போது என் கைக்கு ரத்தம் இல்லை. மணி பத்து இருபத்தொண்ணு. கதவுக்கு மேலே கடிகாரம், நல்லவேளை அதைப் பார்க்கிற மாதிரி தலையைத் திருப்பி வைத்திருக்கிறாள், இல்லை, கெட்டவேளை, அதைவிட்டுக் கண் நகர மாட்டேன் என்கிறது. "எம்புட்டு நேரம் தாங்கும் கண்ணு?" "நெறைய நேரம் தாங்கும்மா, மருந்து குடுத்திருக்கோம், பயப்படாதீங்க." நெறைய என்றால் எத்தனை. நெறைய என்பது டாக்டர்கள் பேச்சு, எங்கள் கடையில் அஞ்சு நிமிசம் என்றால் அஞ்சு நிமிசம். பத்து இருபத்தேழு. இந்தக் கை இப்போது என் நெஞ்சு மேலே மடங்கிக் கிடக்கிற மாதிரி இருக்கிறது, சத்தியமாக, கனம்கூடத் தெரிகிறது, ஆனால் அது பலகையில் நீட்டிக் கிடக்கிறதாம், ஜெசிந்தா சொல்கிறாள், நான் நினைக்கிற இடத்தில் என் கை இல்லை, என் கை இருக்கிற இடத்தில் நான் இல்லை. உலகம் அதைப் பீச்சாங்கை என்று சொல்லும், கொடுக்கல் வாங்கலுக்கு ஆகாது, கும்பிடப் போனால் வலதுக்குத் துணைக்கு நிற்கும். என் கடையில் அப்படி இல்லை. சுத்தியல் அடிப்பதுதான் வலது, அது முரடு, மாடு மாதிரி. டயருக்குள் கையை விட்டு ஆணி எங்கே என்று தடவுவது இடது. கண்ணுக்குத் தெரியாத கம்பி நுனியை, கண்ணாடித் தூளை, முள்ளை, ரப்பருக்கு ரப்பர் வித்தியாசத்தை அதுதான் சொல்லும், நான் வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு வெற்றிலை போட்டபடி இருப்பேன், அதுபாட்டுக்கு உள்ளே நடந்துபோய், இந்தா இங்கே என்று நிற்கும். வலது கையை விட்டுப் பார்த்தால் ரத்தம்தான் வரும், ஆணி வராது. இடது போனால் கடை போச்சு. கடை போனால் என்ன, பட்டினியா கிடப்போம், மொக்கையன் இருக்கிறார். பட்டினி இல்லை பிரச்சினை. அது இல்லாத நான் யார் என்று எனக்குத் தெரியாதே. பத்து நாற்பது. ஊசி ஓடுகிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்கிறேன், கேட்காது, நூல் தலைமயிரை விட மெல்லிசாம், ஆனால் அவர் ஒவ்வொரு தையலுக்கும் மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவது கேட்கிறது, நானும் அதே மாதிரி பிடித்து விடுகிறேன், அவர் விடும்போது விடுகிறேன், தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. பாட்டு இல்லை இப்போது. பத்து ஐம்பத்திரண்டு. பேச்சுக்காரி நான், ஊமையாகக் கிடக்கிறேன். கை உண்டா. உண்டா. பதினொண்ணு அஞ்சு. கை.

"ரிலீஸ் பண்றேன்" என்றார். க்ளிக். இன்னொரு க்ளிக். பிறகு அந்தப் பேனாக் குச்சியை மணிக்கட்டில் வைத்தார்கள் போல, டப்பா கரகரத்து, கரகரத்து, சத்தம் வந்தது. வந்துவிட்டது! என் நெஞ்சு துள்ளிக்கொண்டு போய் மேலே விளக்கில் இடித்தது. "சார், ஃப்ளோ வந்துருச்சு சார்" என்று கத்தினான் சின்னவன். வந்துருச்சு வந்துருச்சு என்று எனக்குள்ளும் யாரோ குதிக்கிறார்கள், ஆனால் காது குதிக்கவில்லை. காது மட்டும் தனியாக நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. புஷ் புஷ்ஷென்று அகலமாக வர வேண்டியது வீச் வீச் என்று ஒடுங்கி வருகிறது. விசில். எங்கேயோ குறுகுகிறது. எனக்குத் தெரியும் இந்தச் சத்தம், அவசரத்தில் டியூபை உள்ளே தள்ளி மாட்டிக் காற்று அடித்தால் ஏறும், ஏறுகிற மாதிரிதான் இருக்கும், டயரும் நிற்கும், ஆனால் காற்று போகிற சத்தம் மெலிந்து கீச்சிடும், உள்ளே டியூப் முறுக்கிக்கொண்டிருக்கும், ஐம்பது மைல் போனதும் வெடிக்கும். சொல்லலாமா. நான் யார் சொல்ல. படித்தவர்கள் அஞ்சு பேர் நிற்கிற இடத்தில், அறுத்துப் போட்டிருக்கிற ஆளே எழுந்து நியாயம் பேசினால். ஆனால் பெரிய டாக்டர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நல்லாயிருந்தால் நல்லாயிருக்கு என்று சொல்ல எவ்வளவு நேரம். அவர் ஏன் பேசவில்லை. "சார்" என்றேன், என் குரல் எனக்கே பெரிசாகக் கேட்டது. "பேசாதீங்கம்மா" என்று ஜெசிந்தா நெற்றியில் கை வைத்தாள். "ஒரே ஒரு வார்த்த கண்ணு. சார், விசிலடிக்குது சார். முறுக்கியிருக்கு." டப்பா மட்டும் வீச் வீச். "யாரு சொன்னது?" "பேசண்ட் சார்" என்றான் சின்னவன். "பேச்சியம்மா," என்றார் பெரிய டாக்டர் துணிக்கு மேலாக, அவர் முகம் தெரியவில்லை, "நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். எந்தப் பக்கம்னு தோணுது?" என்னிடம் கேட்கிறார்! கடவுளே, என்னிடம்! "குச்சியக் கொஞ்சம் மேல நகத்துங்க... இன்னும்... இன்னும்... அங்க அகலமா இருக்கு, அதுக்குக் கீழதான்." "கீழ்த் தையல்கிட்ட" என்றார் அவர் மற்றவர்களிடம், பிறகு, "ஆமா, நரம்பு அரைச்சுத்து திரும்பியிருக்கு. என் தப்புதான். ஒரு பக்கம் பிரிச்சு மறுபடி தைக்கிறேன்." என் தப்புதான் என்றார், சத்தமாக, எல்லாருக்கும் கேட்க. எங்கள் தொழிலில் இதைச் சொல்கிறவனிடம்தான் வண்டியை விடுவோம். "நல்லாப் பிரிச்சுத் தைங்க, நான் எங்கயும் போகல" என்றேன். சிரித்தார்கள், இந்த முறை அவரும்.

மறுபடி பூட்டு, மறுபடி கடிகாரம், ஆனால் இப்போது நான் நிமிசத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால்தான் அது கனக்கிறது, நான் அந்தக் குழாயோடு உள்ளே இருக்கிறேன், ரெண்டு முனையும் நேராக இருக்கிறதா என்று அவரோடு சேர்ந்து குனிந்து பார்க்கிறேன், தொடையில் அறுபத்தோரு வருசம் யாருக்கும் தெரியாமல் கிடந்த நரம்பு, கைக்கு வேலைக்கு வந்திருக்கிறது, புது இடம், வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டது போல, வா வா, இங்கே எல்லாம் நம்ம ஆள்தான், முகத்தைக் காட்டு. இந்த முறை அவர் பாட ஆரம்பித்துவிட்டார், மூக்கால், சுருதி சேரவே இல்லை, எனக்கு அதைவிட நல்ல பாட்டு கிடையாது. தையல் ஓடுகிறது. நோய் உள்ளேயே இருக்கும் என்று நேற்றே சொல்லிவிட்டார்கள், ஆயுசுக்கும் மாத்திரை, வேறெங்காவது பொடைக்கிறதா என்று மாசாமாசம் வந்து காட்ட வேண்டும், இருக்கட்டும், அது என் பேர்க்காரி, எங்கே போவாள், கவனித்துக்கொள்ளலாம், இந்தக் கையை மட்டும் இப்போது கொடுத்துவிடு தாயே. "ரிலீஸ்" என்றார். க்ளிக். க்ளிக். நான் மூச்சு விடவில்லை, ஜெசிந்தாவும் விடவில்லை, அவள் கை என் நெற்றியில் அப்படியே நின்றது. டப்பா கரகரத்தது. அப்புறம், புஷ். புஷ். புஷ். அகலமாக, ஈரமாக, நிதானமாக, மணிக்கட்டில். குச்சியை உள்ளங்கைக்கு நகர்த்தினார்கள், அங்கேயும். சுண்டு விரல் அடிக்கு நகர்த்தினார்கள், அங்கே கொஞ்சம் மெலிசாக, ஆனால் வருகிறது, வருகிறது, ஓடி வருகிறது. யாரும் வந்துருச்சு என்று கத்தவில்லை. எல்லாரும் என் பக்கம் திரும்பி நிற்பது துணியின் நிழலில் தெரிந்தது. "என்ன பேச்சியம்மா," என்றார், "சொல்லுங்க." காற்று நிரம்பின பிறகு வண்டிக்காரனிடம் சொல்வேனே, அது ஒன்றுதான் வாயில் வந்தது. "எடுத்துட்டுப் போங்க சார். ரைட்டு."

மூடித் தைத்து, கட்டுப் போட்டு, தள்ளுவண்டிக்கு மாற்றி, வராந்தாவில் உருட்டிக்கொண்டு வருகிறார்கள், மேலே டியூப்லைட்டுகள் ஒன்று ஒன்றாகப் போகின்றன, நான் எல்லாவற்றையும் பார்த்துச் சிரிக்கிறேன், சக்கரம் ஒன்று கிறீச்சிடுகிறது, வலதுபக்கப் பின்சக்கரம், எண்ணெய் போடச் சொல்ல வேண்டும். தலையைத் திருப்பக் கூடாது என்று ஜெசிந்தா சொல்லியிருக்கிறாள். செருப்புச் சத்தம் கேட்கிறது, தேய்ந்த குதிகால், ஓடுகிறது, மொக்கையன்தான். வண்டி நிற்கிறது. கட்டுக்கு வெளியே என் இடதுகை விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும் போல, எனக்குத் தெரியவில்லை, இன்னும் நாலு மணி நேரம் தெரியாதாம். அவர் முகமும் தெரியவில்லை, கூரைதான் தெரிகிறது. மூச்சு மட்டும் கேட்கிறது, உள்ளே இழுத்து, உடைந்து, மறுபடி இழுத்து. "சுடுதுடி" என்கிறார். "ஏ புள்ள, சுடுது." அழுகிறாரா, சிரிக்கிறாரா, ரெண்டுக்கும் நடுவில் ஏதோ. "கையத் தொட்டுருக்கீகளா?" "ஆமா." "எனக்கு ஒண்ணும் தெரியலங்க. எந்த வெரலப் புடிச்சிருக்கீக?"

"எல்லாத்தையும்தான்" என்றார்.